நூலகருக்கும் வேண்டும் பள்ளிக்கூடம்

முப்பது வருஷத்துக்கு முன்னால் படித்ததோடு சரி, அப்புறம் புதுசாக ஒன்றுமே தெரிந்துகொள்ளவில்லை என்கிற டாக்டரிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவோமா? மாட்டோம். ஆனால் நூலகத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி யாரும் இப்படி யோசிப்பதில்லை. புத்தகம் எடுத்துக் கொடுக்கவும் தேதி முத்திரை குத்தவும் தினம் தினம் படிக்க வேண்டுமா என்ன, என்றுதான் பலர் கேட்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்து நூலகர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். வயசு ஐம்பதை நெருங்குகிறது. சில வருஷங்களுக்கு முன் பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் போகச் சொல்லி அவருக்கு ஆர்டர் வந்தது. வீட்டில் ஒரே ரகளை. மாமியாருக்குச் சர்க்கரை வியாதி, இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி போடணும். மகளுக்குப் பிளஸ் டூ. "இந்த வயசுல என்ன பள்ளிக்கூடம்? லீவு எழுதிக் குடுத்துட்டு வீட்டோட இரு" என்று அவர் கணவர் சொல்லிவிட்டார்.

"நீங்க போயிட்டு வாங்கக்கா. ஊசியை நான் போடறேன்" என்றேன். என் அப்பாவுக்குப் போட்டுப் பழக்கம். மகளுக்கு ராத்திரிச் சாப்பாடும் எங்கள் வீட்டிலேயே ஆயிற்று. அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

அங்கே என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்? பதிவேட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஒன்று. கோஹா என்று ஒரு மென்பொருளாம். நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காகச் செய்து, 2000-ல் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். நூலகத்துக்கு நூலகம் இப்படிக் கைமாற்றுக் கொடுப்பது அக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இன்னொரு பாடம், வருகிறவர்களிடம் எப்படிக் கேட்பது என்பது. "சர்க்கரை வியாதிக்குப் புத்தகம் இருக்கா?" என்று ஒருத்தி வந்தால், அலமாரியைக் கை காட்டிவிட்டால் போதாது. யாருக்கு, எவ்வளவு வயசு, சமையலுக்கா, மருந்து பற்றியா என்று பக்குவமாக விசாரிக்கணும். அதே சமயம், "டாக்டர்கிட்ட காட்டியாச்சா?" என்றும் ஒரு வார்த்தை கேட்கணும். வைத்தியம் சொல்வது நூலகர் வேலை இல்லையே.

மூன்றாவதாகக் கற்றது பழசைக் கழிப்பது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. திரும்பி வந்ததும் அக்கா முதலில் கை வைத்தது வைத்திய அலமாரியில். ஒவ்வொன்றாக அச்சிட்ட வருஷத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ரொம்பப் பழைய குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றில், கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் தேன் தடவச் சொல்லியிருந்தது. ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது என்பது இன்றைய மருத்துவம். தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமி, சிசுவின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கித் தசைகளையே தளர்த்திவிடும். அந்தப் புத்தகத்தை நம்பிப் பச்சை உடம்புக்காரி ஒருத்தி எடுத்துப் போயிருந்தால்? அக்கா பட்டியல் போட்டு, மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, அதை அலமாரியிலிருந்து நீக்கினார். புதுப் புத்தகங்களுக்கும் எழுதிப் போட்டார். பத்து நாள் பயிற்சியின் பலன் பாருங்கள்!

இந்தப் பாதையைப் போட்டவரே நம்ம சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்தான். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சேர்ந்த சில நாளிலேயே அலுத்துப்போய், பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கிளம்பியவரை, முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாரும் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே படித்தார், கிராய்டன் ஊர் நூலகத்தில் வேலையும் பழகினார். 1925-ல் திரும்பிய பிறகு அந்த வேலையே அவருக்கு உயிராகிவிட்டது. தான் கற்றதோடு நிற்காமல், 1929-ல் சென்னையில் நூலகர்களுக்கு வகுப்பே ஆரம்பிக்க வழி செய்தார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகத்தை வளர்கிற உயிருக்கு ஒப்பிடுகிறது. நூலகம் வளரும்போது நூலகர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்க முடியுமா? அவர் பிறந்தநாள் என்று கொண்டாடும் ஆகஸ்ட் 12-தான் தேசிய நூலகர் தினம்.

கல்லூரி நூலகர்களுக்குப் புத்தொளிப் பயிற்சி முடித்தால்தான் பதவி உயர்வு. அதனால் எப்படியும் போய்விடுகிறார்கள். கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் இருப்பவர்கள் பாடுதான் கஷ்டம். ஒரே ஆளாக இருந்தால், அவர் பயிற்சிக்குப் போகும்போது கதவைப் பூட்ட வேண்டியதுதான். வீட்டிலிருந்தபடியே கற்க 2017-ல் தொடங்கிய ஸ்வயம் தளம் இருக்கிறது. நம்மில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டோடு இருக்கும் பெண்களும், நூலக அறிவியலில் இளநிலைப் பட்டத்தைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூலம் அஞ்சல் வழியில் படிக்கலாம்.

இது நம் காசு விஷயமும்கூட. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா வீதம் நூலக வரி கட்டுகிறோம். அதனால் வாசகர் வட்டத்தில் சேருங்கள். 'எங்கள் நூலகருக்குப் பயிற்சி கொடுங்கள், அந்த நாட்களுக்கு மாற்று ஆளும் போடுங்கள்' என்று எல்லோரும் கையெழுத்திட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள்.

உங்கள் வீட்டு மருமகளுக்கோ, பக்கத்து வீட்டு அக்காவுக்கோ பயிற்சி ஆர்டர் வந்தால், "இந்த வயசுலயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வீட்டை நாங்க பார்த்துக்கறோம், போயிட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவர் படித்து வருவது ஊருக்கே உபயோகப்படும்.