பனிக்கட்டி தங்கிய மாளிகை

சென்ற தவக்காலத்தின் ஒரு மாலையில், இராயபுரத்திலிருந்து நாங்கள் சிலர் மெரினா கடற்கரைச் சாலையிலுள்ள விவேகானந்தர் இல்லத்தைக் காணச் சென்றோம். ஊரார் இன்னும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கும் அந்த உருண்டை வடிவ மாளிகை, இன்று ஓர் அருங்காட்சியகம்.

பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளிட்டுப் பொதிந்து, கப்பலேற்றி விற்றவர். 1833இல் கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய 180 டன்னில், நான்கு மாதப் பயணத்திற்குப் பின்னும் ஏறக்குறைய 100 டன் எஞ்சியிருந்ததாம்! சென்னையில் அவர் சரக்கைச் சேமிக்க 1842இல் எழுந்ததே இக்கட்டடம். நம் ஊரிலேயே பனிக்கட்டி செய்யும் இயந்திரம் வந்ததும் அவ்வணிகம் நொடித்தது. பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் இதனை வாங்கினார். வெம்மை புகாதிருக்கக் கட்டிய மேனாட்டுக் கிடங்கில் சாளரங்களும் தாழ்வாரங்களும் அமைத்து, நம் கடற்காற்று உலவும் இல்லமாக்கினார். ஆனால் பெயரை மட்டும் ஒரு மேனாட்டு நீதிபதியின் பெயரால் 'கெர்னன் கோட்டை' என்று வைத்தார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இங்கே தங்கினார். பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமியின் அரவணைப்பில் இளம் விதவைகள் இங்கிருந்து கல்வி கற்றனர். கற்சுவர்களுக்குள் அப்பெண்கள் மீண்டும் வாழத் தொடங்கியதை எண்ணியபோது, எங்களுள் பெண்கள் சற்று நேரம் பேசவில்லை.

எங்கள் மனமோ கடலை நோக்கியே திரும்பிற்று. 1842இல் சென்னைக்குத் துறைமுகம் ஏது? கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசுலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கைக் கரை சேர்த்தன. ஆணியடித்த படகை அந்த அலை உடைத்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். நம் புனித இராயப்பர் ஆலயத்தை எழுப்பியவர்களும் அத்தகைய படகோட்டிகளே. கரையை எட்டுமுன் உருகிவிடக்கூடிய அச்சரக்கைச் சுடுவெயிலில் வலித்து வந்த கைகளுக்கு, அதன் குளிர்ச்சியில் ஒரு துண்டேனும் வாய்த்திருக்குமா?

எங்களுடன் வந்த முதியவர் ஒருவர், தம் பாட்டனாரின் தந்தை படகு வலித்தவர் என்றார். பெயரைக் கேட்டோம். நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். "ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்" என்றார். டியூடரின் பெயரை ஏழு கடலுக்கப்பாலிருந்து அறிந்துகொண்டோம். நம் வீட்டுப் பெயரை நாமே தொலைத்திருந்தோம். வரும் ஞாயிறன்று, பங்குத் தந்தையிடம் அனுமதி பெற்றுப் பதிவேட்டைப் புரட்டுவதென முடிவு செய்தோம்.

இரவில் திரும்புகையில் காசிமேட்டில் இறங்கினோம். பனிக்கட்டிப் பாளங்களை நொறுக்கி, கடலுக்குப் புறப்படும் விசைப்படகுகளில் கூடை கூடையாய்க் கொட்டிக்கொண்டிருந்தார்கள். முதியவர் குனிந்து, தரையில் சிதறிய ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே எங்களோடு நடந்தார்.