ஒரு மணிப் பீரங்கி

எடின்பரோவுக்கு வந்த முதல் வாரம் அது. மதிய உணவு வேளையில் பிரின்சஸ் தெருப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தேன். முதல் வாய் வைப்பதற்குள் தலைக்கு மேலே 'டமார்' என்று ஒரு சத்தம். எங்கோ எரிவாயுத் தோம்பு வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சாண்ட்விச் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எங்கிருந்தோ வந்த கடற்பறவை ஒன்று அதைக் கவ்விக்கொண்டு பறந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் ஓடவில்லை. பக்கத்துப் பெஞ்சில் இருந்த பெரியவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முள்ளைக் கொஞ்சம் திருகினார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மறுபடியும் செய்தித்தாளை விரித்தார்.

அது மலைமேல் இருக்கும் கோட்டையிலிருந்து சுடும் ஒரு மணிப் பீரங்கி. 1861ஆம் ஆண்டிலிருந்து இந்தப் பழக்கம் இருக்கிறது. கடலில் நிற்கும் கப்பல்கள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள முன்பு கால்ட்டன் குன்றின் கோபுரத்தில் ஒரு பெரிய பந்தை ஏற்றி, சரியாக ஒரு மணிக்கு விழச் செய்வார்களாம். பனிமூட்டம் வந்தால் பந்து தெரியாதே? அதனால்தான் பீரங்கி. ஞாயிற்றுக்கிழமை, பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாள்களில் இன்றும் சுடுகிறார்கள். குண்டு கிடையாது, வெறும் வெடிதான். ஏன் பன்னிரண்டு மணிக்குச் சுடாமல் ஒரு மணிக்குச் சுடுகிறீர்கள் என்று கேட்டால், "பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு முறை சுட வேண்டும். ஒரு மணி என்றால் ஒன்றோடு போயிற்று" என்பார்கள். தங்கள் சிக்கனத்தைத் தாங்களே கேலி செய்துகொள்வதில் இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி ஓர் ஆனந்தம்.

எனக்கு அந்தச் சத்தத்துக்கு வேறொரு பொருள் உண்டு. இங்கே பகல் ஒரு மணி என்றால் ஈப்போவில் குளிர்காலக் கணக்குப்படி இரவு 9 மணி, கோடைக் கணக்குப்படி 8 மணி. அம்மா சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பீரங்கி வெடித்ததும் நான் அழைக்க வேண்டும். அதுதான் எங்கள் ஏற்பாடு.

அப்பா இறந்த மறு வருடம் நான் கிளம்பினேன். மேற்படிப்பு, பிறகு இங்கேயே வேலை. விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த உறவினர் ஒருவர், "அம்மாவைத் தனியா விட்டுட்டுப் போறே, அங்க போய் நல்லா சந்தோஷமா இரு" என்றார். வாழ்த்துப் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த வாக்கியத்தின் முதல் பாதி என்னோடு பயணப்பெட்டியில் ஏறி வந்துவிட்டது.

அதனால் முதல் குளிர்காலம் முழுக்க அம்மாவிடம் நான் கஷ்டத்தை மட்டுமே சொன்னேன். கஷ்டம் இல்லாமலும் இல்லை. டிசம்பரில் காலை எட்டே முக்கால் வாக்கில்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். மாலை மூன்றே முக்காலுக்குள் போய்விடும். வருடம் முழுக்க ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டும் ஊரில் வளர்ந்தவளுக்கு அது ஏதோ ஏமாற்று வேலை போலத் தெரிந்தது. வாடகை அதிகம், குளிர் அதிகம், வெங்காயம் உரித்தால்கூடப் பேச ஆளில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால், உறைபனி பூத்த காலையில் புல்லை மிதித்தால் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் வருமே, அது எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லவில்லை. மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று சொன்னால் அம்மாவை மறந்துவிட்டேன் என்று ஆகிவிடும் எனத் தோன்றியது.

பிப்ரவரியில் ஒருநாள் அம்மா பொறுமை இழந்துவிட்டார்.

"பாப்பா, குளிருதுன்னு நீ சொன்னா நான் இங்கேருந்து வந்து போர்த்திவிட முடியுமா? இருட்டா இருக்குன்னா விளக்கேத்த முடியுமா? போனை வச்சதுக்கு அப்புறம் ராத்திரி பூரா தூக்கமில்லே. உங்கப்பா போனதிலேருந்து இந்த வீட்டுல கஷ்டத்துக்குப் பஞ்சமே இல்லை. நீ வேற அங்கேருந்து அனுப்பாதே. நல்லது ஏதாச்சும் இருந்தா சொல்லு. இல்லேன்னா கிளம்பி வந்துடு."

எனக்கு வாயடைத்துவிட்டது. நல்லது என்று என்ன சொல்வது? சம்பள உயர்வு கிடைக்கவில்லை. பெரிய செய்தி ஒன்றுமில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் சொன்னேன்.

"இங்க பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்றாங்கம்மா."

மறுமுனையில் சற்று நேரம் அமைதி.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"ஸ்கூல் பிள்ளைங்களுமா?"

"அவங்கதான் சத்தமா சொல்வாங்க."

மறுநாள் அம்மா மார்க்கெட்டுக்குப் போன பஸ்ஸில் இறங்கும்போது ஓட்டுநரிடம் "தெரிமா காசே" என்றாராம். அவர், இந்த அம்மா எதையோ மறந்து வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று எழுந்து இருக்கைக்கு அடியில் தேடினாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்பா இறந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு விதி. பீரங்கி வெடித்ததும் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரிய செய்தியாக இருக்கக் கூடாது.

தினமும் ஒன்று சொல்ல வேண்டுமானால் தினமும் ஒன்றைப் பார்க்க வேண்டுமே? அப்போதுதான் இந்த ஊரைச் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன்.

நான் இருப்பது லீத் பகுதியில், மணற்கல்லால் கட்டிய பழைய அடுக்குமாடி வீட்டில். எல்லா வீடுகளுக்கும் படிக்கட்டு ஒன்றுதான். பின்புறம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு புல்தரை, அதில் கொடி கட்டுவதற்கு இரும்புக் கம்பங்கள். கீழ் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் பூனையோடு தனியாக இருக்கிறார். வெயிலும் காற்றும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு நாளில், படியில் என்னைப் பார்த்து, "நல்ல துணி காயும் நாள், ஹென்!" என்றார்.

'ஹென்' என்றால் கோழி. இங்கே பெண்பிள்ளைகளை வாஞ்சையாக அப்படித்தான் அழைப்பார்கள். அன்று அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன்.

"உன்னைக் கோழின்னா கூப்பிடுறாங்க?" அம்மாவின் குரலில் கோபம் ஏறியது.

"நீங்க என்னைக் 'குஞ்சு'ன்னு கூப்பிட்டதில்லையா?"

"அது சின்ன வயசுல" என்று சொல்லிவிட்டு, "துணி காய்ஞ்சிச்சா?" என்று கேட்டார்.

காய்ந்தது. அந்தச் சுகத்தை ஈப்போவில் இருந்தவரை நான் அறிந்ததில்லை. அங்கே காலையில் போட்டால் மதியத்துக்குள் துணி மொறமொறவென்று காய்ந்துவிடும். இங்கே வாரக்கணக்கில் ஹீட்டரின் மேல் புழுங்கிய வாடையோடு காய்ந்த போர்வை, அன்று கடற்காற்றில் படபடத்துக் காய்ந்தது. இரவு அதற்குள் முகத்தைப் புதைத்தபோது அம்மா வீட்டுக் கொடியின் வாசம் அடித்தது.

அந்த அம்மையார்தான் எனக்கு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொடுத்தார். சீனி போடப் போன என் கையைத் தட்டிவிட்டு உப்புப் போட்டார். பழைய ஸ்காட்லாந்து முறை அதுதானாம். கிண்டுவதற்கு உருண்டையான ஒரு மரக்குச்சி, அதற்கு 'ஸ்பர்ட்டில்' என்று பெயர். உப்புக் கஞ்சி! இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்? மேலே ஓடிப்போய் அம்மா கொடுத்துவிட்ட மாங்காய் ஊறுகாயை எடுத்துவந்தேன். அவரும் ஒரு துளி தொட்டுப் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் அடுத்த வாரம் அவராகவே, "அந்த மாங்காய் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

பிறகு பண்டமாற்று தொடங்கியது. சீனி, வெண்ணெய், டின் பால் மூன்றையும் காய்ச்சி அவர் 'டேப்லெட்' என்ற இனிப்பைச் செய்வார். பெயரைக் கேட்டு மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். வாயில் போட்டால் சற்றே காய்ந்த பால்கோவா. பதிலுக்கு நான் புந்தோங் கச்சான் பூத்தே கொடுப்பேன். முறுக்கை அவர் தேநீரில் தோய்த்துச் சாப்பிடுகிறார். தடுக்க மனம் வரவில்லை.

ஒருநாள் அவர் மகள் வீட்டுக்குப் போகும்போது பூனைக்குச் சோறு வைக்கச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். அன்று பீரங்கிக்குப் பிறகு சொன்ன செய்தி அதுதான். அம்மா வெகுநேரம் பேசவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். என் பாட்டி பத்து காஜா பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கே கெல்லி காசலைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1926இல் அவர் இறந்ததும் மாளிகை பாதியில் நின்றது. பக்கத்து மாரியம்மன் கோயிலில் இன்றும் அவருக்கு ஒரு சிலை உண்டு. மலாயாத் தோட்டங்களில் இருந்த துரைமார் பலர் அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள்தாம். பாட்டி இருந்த தோட்டத்துத் துரை எந்த ஊர்க்காரர் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் பங்களாவின் பின்வாசலைத் தாண்டிப் பாட்டி உள்ளே போனதில்லை என்பது மட்டும் தெரியும்.

"துரைசானி வீட்டுச் சாவி உன் கையிலயா?" என்றார் அம்மா கடைசியில். "பாட்டி இருந்திருந்தா நம்பியிருக்க மாட்டாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பத்திரமா வச்சுக்கோ. பூனைக்கு நேரத்துக்குச் சோறு வை" என்றார். அன்றிலிருந்து அந்த அம்மையாருக்கு எங்கள் வீட்டில் 'துரைசானி' என்றே பெயர். உடம்பு எப்படி, முட்டிவலி எப்படி என்று தவறாமல் கேட்பார்.

அம்மாவின் பங்கும் குறைவில்லை. எதிர்வீட்டுச் சீன அம்மா சீனப் பெருநாளுக்கு மாண்டரின் ஆரஞ்சு கொடுத்தது, முருங்கை பூத்தது, புலனத்தில் தாமே படம் அனுப்பக் கற்றுக்கொண்டது. 'ட்ரீக்' என்ற சொல்லையும் கற்றுக்கொண்டார். சாம்பல் வானமும் ஓயாத தூறலுமான நாளுக்கு இங்கே அப்படி ஒரு சொல். ஒருநாள், "இன்னிக்கு ஈப்போ ஒரே ட்ரீக்" என்றார். பின்னால் கூரையில் மழை பொத்துக்கொண்டு ஊற்றும் சத்தம். "இவ்வளவு மழைக்கு அந்தச் சொல் தாங்காதும்மா" என்றேன்.

குளிர்காலத்தில் பறித்துக்கொண்ட வெளிச்சத்தை இந்த ஊர் கோடையில் வட்டியோடு திருப்பித் தருகிறது. ஜூனில் காலை நாலரைக்கே விடிந்துவிடும். இரவு பத்து மணி வரை சூரியன் இருக்கும். வெப்பம் 18 டிகிரியைத் தொட்டால் போதும், வேலை முடிந்தவர்கள் லீத் திடலில் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துவிடுவார்கள். கோல்ஃப் ஆட்டத்துக்கு 1744இல் முதன்முதலாக விதிகளை எழுதி ஆடிய திடல் அது. இப்போது எனக்குக் காலணியைக் கழற்றிவிட்டு உட்காரும் இடம். வெயிலைக் கண்டால் குடை பிடிக்கும் வீட்டில் பிறந்த நான், இங்கே வெயிலைத் தேடி நகர்ந்து நகர்ந்து உட்காருகிறேன்.

இதையெல்லாம் சொல்வதால் ஏக்கம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எப்போது திரும்பி வருவாய் என்று அம்மா கேட்பதில்லை. அவர் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. அதற்கான பதிலை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று புரிந்திருக்கிறது. தூரத்தில் இருப்பவர்களிடம் கஷ்டத்தைச் சொன்னால் அவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். சின்ன மகிழ்ச்சியைச் சொன்னால் அதில் அவர்களும் வந்து உட்கார இடமிருக்கிறது.

சென்ற மாதம் ஒருநாள் ஒரு நிமிடம் முன்னதாகவே அழைத்து, கைப்பேசியைக் கோட்டைப் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வெடித்தது. "ஐயோ!" என்று அங்கே ஒரு கூச்சல், பிறகு சிரிப்பு. இரண்டரை வருடமாகப் பேச்சில் மட்டுமே இருந்த பீரங்கியை அம்மா அன்றுதான் கேட்டார்.

நான் தொடங்குவதற்குள், "இரு, இன்னிக்கு என்னோடது முதல்ல" என்றார். "உங்கப்பா வச்ச ரம்புத்தான் காய்ச்சிருக்கு. முதல் காய்ப்பு."

"எத்தனை பழம்?"

"பதினாலு. எண்ணிட்டேன்."

"இனிப்பா இருக்காம்மா?"

அம்மா சற்று நேரம் பேசவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இனிப்புதான். ஆனா சதை கொட்டையோட ஒட்டிக்கிட்டு வருது. பேரம் பேசி மலிவா வாங்கின கன்னு வேற எப்படி இருக்கும்?"

இருவரும் சிரித்தோம். அன்று வேலைக்குத் திரும்பப் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது.