குண்டசாலையில் உம்மா ஆடிய ஆட்டம்

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் சிறிது தூரம் போனால் குண்டசாலை வரும். மகாவலி ஆற்றை அண்டிய ஊர். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் இங்கே மாளிகை கட்டி வாழ்ந்ததால், அவனைக் 'குண்டசாலை மன்னன்' என்றே அழைத்தார்கள். இப்போது இந்த ஊரை அறியாதவர்களும் பக்கத்திலுள்ள பல்லேகலை கிரிக்கெட் மைதானத்தை அறிவார்கள். இன்னும் சற்றுத் தள்ளி, திகனைக்கு அருகே கோல்ஃப் மைதானமும் உண்டு. இத்தனை திடல்கள் உள்ள இடத்தில் நான் மறக்க முடியாத ஆட்டத்தைப் பார்த்தது என் ராத்தாவின் வீட்டு மண்டபத்தில்தான்.

அது 2010 டிசம்பர். உம்மாவும் நானும் காத்தான்குடியிலிருந்து வந்திருந்தோம். பல்லேகலையில் முதன்முதலாக டெஸ்ட் போட்டி. மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்திருந்தது. மழை விடவில்லை. ஐந்து நாட்களில் பாதி ஆட்டம்கூட நடக்காமல் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. முகம் வாடிய பிள்ளைகள், மூத்தவன் கத்தாரிலிருந்து கொண்டுவந்த நின்டென்டோ 'வீ' பெட்டியை எடுத்து டிவியில் மாட்டினார்கள்.

பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருக்கும் வீடியோ விளையாட்டுத்தான் எனக்குத் தெரியும். இது வேறு மாதிரி. ரிமோட் போன்ற வெள்ளைக் கருவிக்குள் ஆர்முடுகலை உணரும் சிறு சில்லு ஒன்று இருக்கிறதாம். நாம் கையை வீசினால், திரையிலுள்ள பொம்மையும் மட்டையை வீசுகிறது. டென்னிஸ், பேஸ்போல், பந்துருட்டல், கோல்ஃப், குத்துச்சண்டை என்று ஐந்து விளையாட்டுகள்.

உம்மாவுக்கு அப்போது 61 வயது. சீனி வருத்தம். தினமும் நடக்கும்படி டொக்டர் சொல்லி இரண்டு வருடமாகியும், "இந்த வயசில ரோட்டுல நடந்தா ஆக்கள் என்ன சொல்லும்?" என்று வாசலைத் தாண்டமாட்டார்கள். அன்று பேரன் விடாமல் கருவியைக் கையில் கொடுத்து, தவறி விழாமல் வாரை மணிக்கட்டில் மாட்டிவிட்டான்.

முதல் உருட்டலில் உம்மா பொத்தானை முந்தி விட்டதால் பந்து பின்னால் பறந்தது. திரையில் நின்ற பொம்மைகள் எல்லாம் துள்ளிக் குதித்தன! வீடே சிரித்தது. மூன்றாவது தடவை ஏழு கட்டைகள் விழுந்தன. உம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இன்னொருக்கா தா" என்றார்கள். சின்ன வயதில் கிளித்தட்டில் உம்மாவை யாராலும் பிடிக்க முடியாதாம். பெரிய பிள்ளையானதும் நிறுத்திவிட்டார்களாம். நாற்பது வருடத்துக்கு மேல் எங்களிடம் சொல்லாத கதை அது.

பையன்கள் சோஃபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டியே வெல்லக் கற்றுக்கொண்டார்கள். "இருந்துகொண்டு கையை ஆட்டுறதும் விளையாட்டா?" என்று உம்மா அதட்டினார்கள். அது சரிதான். 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் லிவர்பூல் ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கை ஒன்று உண்டு. 13 முதல் 15 வயதுப் பிள்ளைகள் சிலரை அவர்கள் பரிசோதித்தார்கள். உட்கார்ந்து ஆடும் வீடியோ விளையாட்டைவிட இதில் உடல் கூடுதலாக உழைக்கிறது. ஆனால் உண்மையான விளையாட்டுக்கு இது ஈடாகாது என்பதே அவர்கள் கண்டது.

மறுநாள் உம்மாவுக்குத் தோள் வலி. தைலம் தேய்த்துவிட்டேன். மழை விட்டிருந்தது. அஸருக்குப் பிறகு உம்மாவே செருப்பைத் தேடி எடுத்தார்கள். "வா புள்ள, ஆத்தங்கரை மட்டும் போய் வருவம்."

அந்தப் பெட்டி இப்போது தயாரிப்பில் இல்லை. 2022இல் அதே நிறுவனம் 'சுவிட்ச் ஸ்போர்ட்ஸ்' என்று புதியதை வெளியிட்டது. சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்தால் பிள்ளைகளோடு நீங்களும் எழுந்து நின்று ஆடுங்கள். உம்மாமாரையும் கூப்பிடுங்கள். எங்கள் உம்மா ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த மாலை நடையை விடவில்லை.