சம்பந்திக்கு ஒரு கட்டுக் குச்சி

கல்யாணப் பந்தியில் பாயசத்தில் முத்து முத்தாக மிதக்கிறதே ஜவ்வரிசி, அது ஏதோ ஒருவகை அரிசி என்று நினைத்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகள் எங்கள் ஆபீஸில் மட்டும் நாலு பேர் இருக்கிறார்கள். அரிசி இல்லை சார், கிழங்கு! மரவள்ளிக் கிழங்கு. நாகர்கோவில் பக்கம் போனால் மரச்சீனி. எங்கள் சேலம், ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கு.

கேரளத்தில் மீன்குழம்போடு சேர்த்தால் அதுவே ஒருவேளைச் சாப்பாடு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகள் பசியாற வேண்டுமென்று பரப்பிவிட்ட பயிர். எங்கள் ஊரில் வேகவைத்துச் சாப்பிடுவதைவிட சேகோ மில்லுக்கு ஏற்றுவதுதான் அதிகம். மில்லில் எடையை மட்டும் பார்த்துக் காசு கொடுத்துவிட மாட்டார்கள். மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்றும் பார்ப்பார்கள். பாயிண்ட் குறைந்தால் விவசாயியின் முகமும் அந்த அளவுக்குக் குறையும்.

குச்சிக்கிழங்கு என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இதற்கு விதை விதைப்பதில்லை. அறுவடை முடிந்ததும் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி நட வேண்டியதுதான். ஒரு தண்டில் பத்துக் குச்சி தேறும். காசுக்கு விற்பவர்களும் உண்டு. ஆனால் சொந்தபந்தத்துக்குள் குச்சிக்குக் காசு வாங்கினால் ஊர் சிரிக்கும். "குச்சி இல்லை" என்று சொல்வதோ, வாசலில் தண்ணீர் கேட்டவனைத் துரத்துகிற மாதிரி.

வில்லன் நுழைவது இந்த இடத்தில்தான்.

பெயர் தேமல் நோய். பெயருக்கேற்றபடி இலையில் மஞ்சளும் வெளிறிய பச்சையுமாகத் திட்டுத்திட்டாகப் படரும். இலை சுருங்கும், கோணும். செடி சாகாது, அதுதான் வினையே. செத்தால் பிடுங்கிப் போட்டுவிடலாம். இது பாட்டுக்கு நின்றுகொண்டே இருக்கும். எட்டு, பத்து மாதம் கழித்துத் தோண்டினால் கை கனத்தில் இருக்க வேண்டிய கிழங்கு விரல் கனத்தில் வரும். காரணம் வைரஸ். செடிக்குள் புகுந்துவிட்டால் வயலில் தெளித்துக் குணப்படுத்த எந்த மருந்தும் கிடையாது. வைரஸைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போவது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை ஈ. மருந்தடித்தால் ஈ சாகலாம், செடிக்குள் இருப்பவன் சாக மாட்டான்.

ஈயாவது பக்கத்து வயலுக்குத்தான் போகும். குச்சியோ பஸ் ஏறும், டெம்போ ஏறும், பார்டரே தாண்டும். 2015-ல் கம்போடியாவில் இந்த நோயைக் கண்டுபிடித்தார்கள். 2018-க்குள் வியட்நாம், தாய்லாந்து வரைக்கும் போய்விட்டது. அந்த வைரஸின் பெயர் 'ஸ்ரீலங்கன்' என்று தொடங்குகிறது. நம் சேலத்துச் செடிகளிலும் அதே ஆள்தான் உட்கார்ந்திருக்கிறான். உகாண்டாவில் 1990-களில் இதே நோயின் இன்னும் மூர்க்கமான ஒரு ரகம் வந்தபோது, பல மாவட்டங்களில் மரவள்ளி நடுவதையே விட்டுவிட்டார்கள். அங்கே அது பாயசத்துக்கு இல்லை, சோற்றுக்குப் பதில்!

இனி என் பெரியப்பா.

ஆத்தூர் பக்கம் ஒன்றரை ஏக்கர். எச்-226 ரகம். மாவு நன்றாகக் கட்டும், மில்லுக்காரர்களுக்குப் பிடிக்கும், தேமலுக்கும் பிடிக்கும். போன வருஷம் ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தவர், ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னை வயலுக்கு இழுத்துப் போனார். கையில் பெரியம்மாவின் பழைய சிவப்புப் புடவை.

"டேய் தம்பி, தளிர்லயிருந்தே இலை சுத்தமா இருக்கற செடியாப் பார்த்து ஒரு துண்டு கட்டு."

"அறுவடை சமயத்துல பார்த்துக்கக் கூடாதா பெரியப்பா?"

"அப்ப இலை கொட்டிப்போயிருக்குமேடா. வெறுங்குச்சியப் பார்த்து எது நல்லது, எது கெட்டதுன்னு எப்படிச் சொல்லுவ?"

நியாயம்தான். மொட்டைத் தண்டு எல்லாம் ஒரே மாதிரி யோக்கியமாகத்தான் தெரியும். அன்றைக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். முளைத்த முதல் இலையிலேயே தேமல் இருந்தால் நோய் குச்சியோடு வந்தது. அடி இலை சுத்தமாக இருந்து மேல் இலை மட்டும் சுருண்டால் ஈ கொண்டுவந்தது. இதில் குச்சியோடு வந்ததுதான் கிழங்கை அதிகம் அடிக்கும். ஒரு நோய்த்தண்டு அடுத்த வருஷம் பத்து நோய்ச்செடி, அதற்கடுத்த வருஷம் நூறு. கூட்டு வட்டி போடுகிற எனக்கே கொஞ்சம் வியர்த்தது.

பல ஞாயிறுகள் சுற்றினோம். முதலில் கட்டிய துணியில் பாதியைப் பின்னால் அவிழ்க்க வேண்டியதாயிற்று. கடைசியில் மிஞ்சியது நூற்றிருபது செடி.

அறுவடை முடிந்த வாரம் சம்பந்தி வந்தார். ராசிபுரம் பக்கம். அக்காவைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. காபி குடித்து, மழை நிலவரம் பேசி, மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு ஏக்கராவுக்குக் குச்சி வேணுங்க சம்பந்தி. டெம்போ சொல்லிட்டேன்."

ஏக்கருக்கு ஐயாயிரம் செடி. அதாவது ஐந்நூறு தண்டு. களத்து மேட்டில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. பெரியப்பா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அது எரிக்கறதுக்குங்க. உங்களுக்கு அறுபது தண்டு தர்றேன்."

நான் கூரையைப் பார்த்தேன். பெரியம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். எரித்தாலும் எரிப்பேன், உனக்குக் கொடுக்க மாட்டேன் என்று ஒரு மனிதர் சம்பந்தியிடம் சொன்னால் அது எப்படிக் காதில் விழும்? அறுபது தண்டு என்றால் அறுநூறு குச்சி, பன்னிரண்டு சென்ட்டுக்குக் காணும். தன்னிடம் இருந்த நல்லதில் சரிபாதி அது என்று பெரியப்பா சொல்லவே இல்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். விளக்கம் சொல்வதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் தலைமுறை அது.

நான்தான் சொன்னேன். நடுவே திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தையும், அங்கே தேமலைத் தாங்கும் ஸ்ரீ பத்மநாபா, ஸ்ரீ ரக்ஷா என்று ரகங்கள் வந்திருப்பதையும் எடுத்துவிட்டேன். மீதி நிலத்துக்கு அதை வாங்கலாமே என்றேன். சம்பந்தி சிரிக்கவில்லை. அறுபது தண்டைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு, டெம்போவைக் காலியாகத் திருப்பி அனுப்பிவிட்டு, பஸ்ஸில் போனார். பழைய வயலுக்குத் தள்ளி நடச் சொல்லி பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிக்கொண்டே போனேன். பதில் இல்லை.

ஒரு மாதம் அக்காவிடமிருந்து போன் வந்தால் பெரியம்மா தள்ளிப்போய்ப் பேசினார். "இங்க யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறாங்கம்மா" என்றாளாம். அதைக் கேட்டும் பெரியப்பா குவியலுக்குத் தீ வைத்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

நாலாவது மாதம், ஆபீஸ் நேரத்தில் எனக்குப் போன். சம்பந்திதான்.

"தம்பி, நாலஞ்சு செடியில மேல் இலை சுருண்டிருக்கு."

"அடி இலை எப்படிங்க மாமா?"

"சுத்தமா இருக்கு."

"அப்ப ஈ வேலைங்க. குச்சியோட வந்ததில்ல."

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்தபடி நிற்கிறார்.

"அப்ப உங்க பெரியப்பா குடுத்தது நல்ல குச்சிதான்?"

"நல்ல குச்சிதாங்க. அந்த நாலஞ்சைப் பிடுங்கி எரிச்சிடுங்க."

"ம்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். மாமனார் வீட்டில் இருக்கிற பழைய சிவப்புப் புடவையெல்லாம் கேட்கிறாராம், கிழிக்க.