மாவலி கடல்சேரும் இடத்தில்

கண்டியில் வாழ்வோர்க்கு மாவலி கங்கை அயல்வீட்டாரைப் போன்றது. பேராதனையிலும் கட்டம்பேயிலும் நாள்தோறும் பார்க்கின்றோம். அது எங்கே போய்ச் சேர்கின்றதென்று எண்ணுவார் சிலரே. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய அது 335 கிலோமீற்றர் ஓடி, மூதூரை அடுத்துக் கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. சென்ற ஆவணி விடுமுறையில் அவ்விடத்தே வள்ளத்தில் மீன்பிடிக்கச் சென்றோம்.

சென்றது மீனுக்காக மட்டுமன்று. நம்மிடம் படித்த மாணவன் ஒருவன், உயர்தரப் பரீட்சைக்கு ஓராண்டு இருக்கையில் ஊருக்குப் போனவன், திரும்பவில்லை. கண்டியிற் சிறிய தாயார் வீட்டில் தங்கிப் படித்தவன், கணிதத்திற் கெட்டிக்காரன். தொலைபேசியில் அழைத்தால், "அப்பாவோடு கடலுக்குப் போகிறேன், சேர்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. நேரிற் காண்பதே தகும் என்று புறப்பட்டோம்.

மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வழி நீண்டது. முன்னாளிற் கிண்ணியாத் துறையிற் பாதைக்காகக் காத்துக் கிடப்பார்கள். 2009இற் பாலம் திறந்தபின் அத்தொல்லை இல்லை. 1660இற் கொட்டியாரத்திற் பிடிபட்ட ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி, கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1679 வரை தப்ப வழியின்றி இருந்தார். கண்டியிலிருந்து சென்ற நம்மை எவரும் பிடிக்கவில்லை. எருமைத் தயிர் தந்து உபசரித்தார்கள்.

விடியுமுன் வள்ளம் புறப்பட்டது. தந்தையார் அணியத்தில், பையன் பின்னால் இயந்திரத்தருகில், நடுவே நாம், பிடித்த பிடி விடாமல். ஆற்றுநீரும் கடல்நீரும் சந்திக்குமிடத்தில் ஒரு கோடு தெரிகின்றது: ஒருபுறம் மண்ணிறம், மறுபுறம் பச்சை. அக்கோட்டின் ஓரத்தில் நங்கூரம் இட்டு, இறால் கோத்த தூண்டிலை இறக்கினார்கள்.

முதலில் ஏறியது காலா மீன். வெள்ளைக்காரர் இதற்கு 'இந்தியச் சமன்' என்று பெயரிட்டனர். உண்மைச் சமனுக்கும் இதற்கும் உறவேயில்லை. சமன் குளிர்நாட்டு மீன். ஆற்றிற் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்கு வருவது. அதன் குடும்பத்தில் நம் நாட்டுக்கு வந்தது, ஆங்கிலேயர் நுவரெலியாவின் குளிரோடைகளிற் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன்தான். கண்டிக் கடைகளிற் 'சமன்' என்று விற்கும் டின்னுக்குள் இருப்பதும் பெரும்பாலும் வேறு கடல்மீனே. பெயர் மட்டும் கப்பலேறி வந்துவிட்டது போலும்!

காலாவின் கன்னத்தின் கீழே நூல்போல நான்கு மீசைகள் தொங்குகின்றன. கண்ணை ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கின்றது. கலங்கல் நீரில் அம்மீசைகளால் தடவித்தான் அது இரை தேடுமாம். இதை நாம் வகுப்பில் விளக்குவதுபோல் விளக்கிக்கொண்டிருக்கையில், தந்தையார் தூண்டிற்கயிற்றை விரலிடையே வைத்துக்கொண்டு, கடலைப் பாராமலே, "இன்னொன்று முகர்ந்து பார்க்குது" என்றார். சொல்லி முடியுமுன் கயிறு இறுகியது. அப்போதுதான் அவர் கண்களை உற்றுப் பார்த்தோம். இரண்டு கருமணிகளிலும் சாம்பல் படிந்தாற்போல் இருந்தது.

"மேலே கண்டிப் பக்கம் மழையோ, சேர்?" என்று கேட்டார். ஒரு கிழமையாய் நல்ல மழை என்றோம். "முந்தியென்றால் அந்த மழை இங்கே தண்ணீரின் நிறத்திலேயே தெரியும். ஆறு பெருகினால் மீனும் வரும். இப்போது எல்லாம் அங்கேயே நிற்குது" என்றார். உண்மைதான். 1976இற் பொல்கொல்லையில் நீரைத் திருப்பினார்கள். 1985இல் விக்ரோறியாவும் கொத்மலையும் எழுந்தன. அந்த நீரினால் எத்தனையோ வயல்கள் விளைகின்றன, வீடுகளில் விளக்கெரிகின்றது. அதனைக் குறைகூற நாம் துணியோம். ஆயினும் முகத்துவாரத்திலிருப்பவரின் கணக்கு வேறு.

பிறகு அவரே விஷயத்துக்கு வந்தார். "இவனைக் கூட்டிப்போகத்தானே வந்தீர்கள்? நான் போக வேண்டாமென்று சொல்லவில்லை. எனக்குக் கண் மங்கிப்போச்சு. கரை தெரியவில்லை. இவன் இல்லாமல் வள்ளம் இறக்க ஏலாது."

பையன் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏன் வாய்திறக்கவில்லை என்பது விளங்கியது. படிப்பின் பெருமையைப் பற்றி வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த சொற்களுக்கு அங்கே வேலையில்லை. "இது கண்புரையாக இருக்கலாம், அண்ணே. கண்டிப் பெரியாஸ்பத்திரியில் காட்டுவோம்; காசு வேண்டாம். நம் வீட்டில் வந்து தங்குங்கள்" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. கயிற்றைச் சுற்றி வைத்தார். காலாவை ஈரச்சாக்கால் மூடினார்.

"வள்ளம்?" என்றார்.

"மச்சானிடம் கொடுப்போம், அப்பா. பங்குக்கு ஓடட்டும்" என்றான் பையன். அன்று காலையிலிருந்து அவன் பேசிய முதற்பேச்சு அது. பின்பு நம்மைப் பார்த்து, "தவணை எப்போது தொடங்குது, சேர்?" என்று கேட்டான்.

திகதியைச் சொன்னோம். தந்தையார் நங்கூரத்தைத் தூக்கினார்.