முன்வளவு

எங்களவர் வீடு கட்டும்போது கிணறு, அறைகள், மதில் என்றுதான் கணக்குப் போடுவார்கள். முன்வளவு கடைசியில்தான் நினைவுக்கு வரும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கோ அது சுலபமான விடயமாக இருக்கவில்லை. புத்தளத்து முகாமின் கிடுகுக் கொட்டில்களில் இருந்த காலத்தில் நாங்கள் மிளகாய்க் கன்று வைத்ததுண்டு; முருங்கைத் தடி ஊன்றியதுண்டு. காலம் பிடித்து வளரும் மரத்தை மட்டும் நட்டதில்லை.

"மரம் வெச்சா மனசு இஞ்ச வேர் விட்டிரும்" என்பார் வாப்பா. எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டியில் வந்து இறங்கியவர் அவர். ஊர்க் காணி உறுதியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி, தலையணைக்கடியில் வைத்திருந்தார்.

2006இல் புத்தளத்தில் 12 பேர்ச் காணி வாங்கி, முதன்முதலாகக் கல்வீடு கட்டினேன். உப்பளப் பக்கம் என்பதால் விலை மலிவு. ஏன் மலிவு என்பது ஐப்பசி மழையில் விளங்கியது. முன்வளவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வெயில் வந்ததும் மண் வெள்ளை பூத்துக் கிடந்தது. புல் கூட முளைக்காத உவர் நிலம்.

மேசன் பாஸ் ஒரே வார்த்தையில் தீர்வு சொன்னார்: "முழுக்கச் சீமெந்து போட்டிருங்க." வாப்பாவுக்கு அதில் சம்மதம். கூட்டுவதற்கும் சுகம், விட்டுப் போவதற்கும் சுகம் என்றார். என் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைகள் கொட்டில்ல பிறந்ததுகள். அதுகளுக்கு நிழல் வேணாமா?" என்று கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அயலில் தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர்தான் வழி காட்டினார். முதலில் அத்திவாரத்திலிருந்து வீதிப்பக்கம் சரிவு வரும்படி கிரவல் கொட்டி நிரப்பினோம். வேலியோரம் வாய்க்கால் வெட்டினோம். பிறகு மூன்றடி ஆழத்தில் மூன்று குழிகள். அவற்றினுள் பொச்சுமட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, இடையில் மணலும் ஆட்டெருவும் போட்டோம். மட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒரு மாரி முழுவதும் கன்று வைக்காமல் விட்டோம், மழைநீர் உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போகட்டும் என்று. பின்னர் குழிகளின் மேல் மண்ணை மேடாக்கி நட்டோம். வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு மேலே ஏறிவிடும் என்பதால் வைக்கோலால் மூடினோம்.

பூவரசு பிழைத்தது. மாதுளையும் தளிர்த்தது. தேசி உப்பைத் தாங்காது பட்டுப்போனது. அந்தக் குழி இரண்டு வருடங்கள் வெறுமையாகவே கிடந்தது. இவ்வளவு வேலையிலும் வாப்பா ஒரு வாளி தண்ணீர் ஊற்றவில்லை. திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

2009இல் யுத்தம் முடிந்த பின் வாப்பா ஊருக்குப் போய் வந்தார். கூரை இல்லை, சுவர்கள் மட்டும் நிற்கின்றன, வளவு முழுக்கப் பற்றை என்றார். வேறெதுவும் பேசவில்லை. அவருடைய பையில் ஈரத்துணி சுற்றிய ஒரு வேப்பங்கன்று இருந்தது. அவரும் உம்மாவும் படுத்த அறையின் நிலத்தைப் பிளந்துகொண்டு முளைத்ததாம். அஸர் தொழுதுவிட்டு வந்து, தேசி பட்ட குழியில் தன் கையாலேயே அதை நட்டார்.

"இஞ்ச வேர் விட்டிருமே வாப்பா" என்றேன்.

"விடட்டும் மகன். அங்க வேர் அறுந்து போகல்ல என்டு கண்டுட்டுத்தானே வந்தேன்."

கியாமத் நெருங்கினாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடச் சொல்லும் ஹதீஸை நாங்கள் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். இருக்கிற இடம் நமதா என்று விசாரித்துவிட்டு நடும்படி அதில் சொல்லப்படவில்லை. நட்டவன் உரிமையை விட்டுக்கொடுத்தவனாக ஆகிவிடுவதும் இல்லை. இதை விளங்கிக்கொள்ள எங்கள் குடும்பத்துக்கு 19 வருடங்கள் சென்றன.

வாப்பா இப்போது இல்லை. வேம்பு கூரையைத் தாண்டிவிட்டது. தம்பி ஊருக்குத் திரும்பி வீடு கட்டிவிட்டான். முன்வளவைச் சீமெந்து பூசலாமா என்று போன கிழமை தொலைபேசியில் கேட்டான். விதை விழும் காலத்தில் வந்து இரண்டு கன்று எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன்.