ஊர்ப்பெயர் தாங்கிய கல்

சுங்கை பீசி என்பதற்கு மலாய் மொழியில் இரும்பாறு என்று பொருள். ஆயினும் அவ்வூர் உலகுக்கு ஈந்தது வெள்ளீயமே. உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களுள் ஒன்று அங்கே இருந்தது. இன்று அங்குச் செல்வோர் காண்பது ஓர் ஏரியையும் அதனைச் சூழ்ந்த விடுதிகளையுமே. சன்வேயிலும் ஈயம் தோண்டிய பள்ளத்தில் 1993இல் நீர் விளையாட்டுப் பூங்கா திறக்கப்பட்டது. 1857இல் கிள்ளான் ஆற்றின் வழியே ஈயம் தேடி அம்பாங்குக்குச் சென்ற 87 சீனத் தொழிலாளருள், ஒரு திங்களுக்குள் காய்ச்சலுக்குத் தப்பியவர் 18 பேரே. அத்தனை உயிர்களை விலையாகப் பெற்று வளர்ந்த தொழில், 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது நிலைகுலைந்தது.

மூடிய சுரங்கங்களின் கனிமங்களைத் தேடிச் சேர்ப்போரைக் கல்பொறுக்கிகள் என நகைப்பது எளிது. அவர்கள் போற்றும் கசிட்டரைட்டு பொன்னும் அன்று, மணியும் அன்று. பெரும்பாலும் கரும்பழுப்பு நிறங்கொண்ட வெள்ளீயத் தாது. கையில் எடுத்தால் அதன் கனம் வியப்பூட்டும். அதே பருமனுள்ள படிகக்கல்லைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். இக்கனத்தை நம்பியே பெண்கள் ‘டுலாங்’ என்னும் மரத்தட்டில் ஆற்றுமணலை அரித்தனர். மணல் நீரோடு போகும். ஈயம் அடியில் தங்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் கிடைத்தது பெரும்பாலும் இத்தகைய ஈயமணலே. முகமும் முனையும் தெளிந்த படிகம் வேண்டுவோர்க்குப் பகாங்கின் சுங்கை லெம்பிங் போன்ற ஆழ்சுரங்கங்களே கதி. அங்கே தாது பாறைக்குள் நரம்பு நரம்பாய் ஓடியது. அதுவும் 1986இல் மூடப்பட்டது. முழங்கையை மடக்கினாற்போல் இரு படிகங்கள் இணைந்து வளர்வது கசிட்டரைட்டின் தனியழகு.

எனினும் சேகரிப்பில் பெரிது கல்லன்று. அதனோடு வைக்கும் சீட்டே. எந்தச் சுரங்கம், எவ்வளவு ஆழம், எந்த ஆண்டு என்னும் குறிப்பு தொலைந்தால், நீர் நிரம்பிய பள்ளத்திடம் போய் மீண்டும் கேட்க இயலாது. விலை ஒன்றையே கருதுவோர் சீட்டைக் களைந்து அழகை மட்டும் விற்பதுண்டு. முதலும் முடிவும் சிதைந்த சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் பெயர் தேடும் தமிழாசிரியர்க்கு இக்கொடுமை நன்கு விளங்கும்.

ஈயக்குட்டைகளின் கரைமணல் சரியும் தன்மையது. ஆழமும் கண்ணுக்குப் புலப்படாது. மாணவரை அங்கு அழைத்துச் செல்லுதல் தகாது. சுரங்கத்தில் உழைத்த முதியவர் வீட்டு அலமாரியில் கனத்த கருங்கல் ஒன்று இருக்கக்கூடும். அதனை அவர் எங்கே எடுத்தார் என்று கேட்டு, அன்றே எழுதி வைத்துக்கொள்ளலாம்.